அளவுகோல் யார் கையில்?

(ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகிய பிரித்தானியாவின் அரசியல் குழப்பம் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

ஒரு காலத்தில் கதிரவன் மறையாத பேரரசு என்று தன்னைத் தானே புகழ்ந்துகொண்ட நாடு பிரித்தானியா. பிற இனத்தார்க்கு ஆளத் தெரியாது, ஆள்வது எப்படி என்று கற்பிக்கவே வந்தோம் என்று சொல்லிக்கொண்டு உலகெங்கும் கொடி நாட்டிய நாடு அது. அந்நாட்டில் 2016 சூலை 13 தொடங்கி 2024 சூலை 5 வரை, எட்டு ஆண்டுகள் நிறைவதற்குள், ஐந்து தலைமையமைச்சர்கள் பத்தாம் எண் மாளிகையை விட்டு வெளியேறினர். தேவிட்டு கேமரான், தெரசா மே, போரிசு சான்சன், இலிசு திரசு, இரிசி சுனக்கு என்போர் அவ்வைவர். அவர்களுள் ஒருவர் பொறுப்பிலிருந்தது நாற்பத்தொன்பதே நாள்கள்.

இந்தக் குழப்பத்தைப் பற்றி இங்குள்ள நாளேடுகள் எழுதியதெல்லாம் ஆள்களைப் பற்றியே. எவர் வந்தார், எவர் போனார், எவர் எவரை முதுகில் குத்தினார் என்பனவே தலைப்புச் செய்திகளாயின. ஆனால் அரசியலை ஆழ்ந்து நோக்குவோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'ஆட்சியுரிமையை மீட்போம்' என்ற முழக்கத்தோடு ஒரு நாடு எழுந்ததே, அவ்வுரிமை மீண்டதா? மீண்டதென்றால் எவர் கைக்கு மீண்டது? அந்நாட்டுக்குள் அடங்கியிருக்கும் பிற தேசிய இனங்களின் கைக்கு என்ன வந்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நான்கு நாடுகள், ஒரு மன்றம்

பிரித்தானியா என்பது ஒரே நாடு அன்று. இங்கிலாந்து, சுகாட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து என்னும் நான்கின் கூட்டு அது. 1536-இல் வேல்சு இங்கிலாந்தோடு சட்டத்தால் பிணைக்கப்பட்டது. அச்சட்டத்திலேயே, ஆங்கிலம் பயன்படுத்தாது வேல்சு மொழியே வழங்குவோர் அரசுப் பொறுப்பு எதனையும் வகிக்கலாகாது என்ற விதியும் இருந்தது. நாட்டைப் பிடிப்போர் முதலில் நாவைப் பிடிப்பர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1707-இல் சுகாட்லாந்தும், 1801-இல் அயர்லாந்தும் இணைக்கப்பட்டன. அயர்லாந்து போராடி 1922-இல் பிரிந்தது. அதன் வடக்கு மூலையில் ஆறு மாவட்டங்கள் மட்டும் பிரித்தானியாவின் பிடியிலேயே நின்றன.

இந்நான்கனுள் இங்கிலாந்தின் மக்கள்தொகை ஏனை மூன்றையும் கூட்டினாலும் அதற்கு ஐந்து மடங்குக்கும் மிகுதி. ஆகவே எல்லாரையும் ஒரே குவியலாகக் கொட்டித் தலைகளை எண்ணினால் எப்பொழுதும் இங்கிலாந்தின் தலைகளே மிகுந்து நிற்கும். இந்த எளிய கணக்கை நினைவில் நிறுத்திக்கொண்டு மேலே செல்லுதல் வேண்டும்.

பிரித்தானியா 1973 சனவரி முதல் நாளன்று எட்வர்டு ஈத்து ஆட்சியில் ஐரோப்பியப் பொருளியல் கூட்டமைப்பில் சேர்ந்தது. அதற்கு முன் 1963-இலும் 1967-இலும் பிரான்சின் தலைவர் சார்லசு தெகால் அதன் வருகையை இரு முறை மறுத்திருந்தார். சேர்ந்த இரண்டே ஆண்டில், 1975-இல், தொடர்ந்து இருப்பதா வேண்டாவா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. 67.2 விழுக்காட்டினர் இருப்போம் என்றனர். ஆயினும் உறுத்தல் தீரவில்லை. பழமைக் கட்சிக்குள் அப்புண் நாற்பது ஆண்டுகள் புரையோடிக் கிடந்தது. அக்கட்சிப் பூசலைத் தணிக்கவும், வலப்புறத்தில் தோன்றிய போட்டிக் கட்சியை மடக்கவும் கேமரான் ஒரு வழி கண்டார். பொதுவாக்கெடுப்பு நடத்துவேன் என்று 2013-இல் உறுதி கூறினார். கட்சிக்குள் பற்றிய தீயை அணைக்க நாட்டையே பணயமாக வைத்த செயல் அது.

2016 சூன் 23

அந்நாளில் வாக்களித்தோர் 72.2 விழுக்காட்டினர். வெளியேறுவோம் என்றோர் 1,74,10,742 பேர். இருப்போம் என்றோர் 1,61,41,241 பேர். விழுக்காட்டில் 51.9-க்கு 48.1. வெளியேறுவோர் வென்றனர் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலையிலேயே கேமரான் பொறுப்பு விலகுவதாக அறிவித்தார்.

ஆனால் நான்கு நாடுகளும் தனித்தனியே என்ன சொல்லின? இங்கிலாந்து 53.4 விழுக்காட்டால் வெளியேறுவோம் என்றது. வேல்சு 52.5 விழுக்காட்டால் அதையே சொன்னது. சுகாட்லாந்து 62 விழுக்காட்டால் இருப்போம் என்றது. அந்நாட்டின் 32 உள்ளாட்சிப் பகுதிகளுள் ஒன்றுகூட வெளியேறும் பக்கம் சாயவில்லை. வட அயர்லாந்தும் 55.8 விழுக்காட்டால் இருப்போம் என்றது. இரண்டு நாடுகள் ஒன்று சொல்ல, இரண்டு நாடுகள் வேறு சொல்ல, நான்கும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டன.

இங்கு ஒன்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். வெளியேறுவோம் என்ற ஒன்றே முக்கால் கோடி மக்களும் அறிவிலிகளோ இனவெறியரோ அல்லர். எடுத்துக்காட்டாக, தென்வேல்சிலுள்ள எபு வேல் என்னும் ஊரைக் கருதிப் பார்க்கலாம். நிலக்கரியும் இரும்பும் அவ்வூரை வாழவைத்தன. இரும்பாலை 2002-இல் மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தால் சாலைகளும் கட்டடங்களும் அங்கு வந்தன; ஆனால் போன வேலை திரும்பி வரவில்லை. அவ்வூர் அடங்கிய பிளைனாய் குவெந்துப் பகுதி 62 விழுக்காட்டால் வெளியேறுவோம் என்றது. தம்மைக் கேளாமலே தம் வாழ்வை எவரோ எங்கிருந்தோ முடிவு செய்கின்றனர் என்ற சினம் அவர்கள் வாக்கில் இருந்தது. அச்சினம் முறையானது. ஆனால் அது எய்யப்பட்ட இலக்குத்தான் பிழையானது. ஆலையை மூடியது புருசெல்சு நகரமன்று. தொழிலூர்களைக் கைவிட்ட பொருளியல் கொள்கை இலண்டனில் உருவானது.

அச்சினத்தை அறுவடை செய்தோர் வேறு சிலர். வாரந்தோறும் 35 கோடிப் பவுண்டை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம், அதை மருத்துவத் துறைக்குக் கொடுப்போம் என்னும் கருத்துப்பட ஒரு சிவப்புப் பேருந்தின் பக்கத்தில் எழுதி ஊரூராக ஓட்டினர். திருப்பிக் கிடைக்கும் தொகைகளைக் கழிக்காத கணக்கு அது. அந்நாட்டின் புள்ளியியல் ஆணையமே அதனைக் கண்டித்தது. கண்டனம் எட்டிய இடத்தைவிடப் பேருந்து எட்டிய இடம் மிகுதி.

இரண்டு அளவுகோல்கள்

இப்பொழுது தலையாய செய்திக்கு வருவோம். 2016-க்கு முப்பத்தேழு ஆண்டுகள் முன்னே செல்ல வேண்டும்.

1979 மார்ச்சு முதல் நாள். சுகாட்லாந்துக்குத் தனியே ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்று அம்மக்களிடம் கேட்கப்பட்டது. கேட்டது விடுதலை அன்று. எல்லைக்குட்பட்ட ஒரு தன்னாட்சி மன்றம் மட்டுமே. வாக்களித்தோருள் 51.6 விழுக்காட்டினர் வேண்டும் என்றனர். வென்றாரா? இல்லை. கரணியம் என்ன? அந்தச் சட்டம் வெசுட்டுமினிசுட்டர் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது ஒரு முள்ளை உள்ளே செருகியிருந்தனர். வாக்களித்தோருள் பெரும்பான்மை போதாது, வாக்காளர் பட்டியலில் உள்ள மொத்தப் பேரில் 40 விழுக்காட்டினரேனும் வேண்டும் என்று சொல்லியிருத்தல் வேண்டும் என்பதே அம்முள். அதனை முன்மொழிந்தவர் இலண்டன் தொகுதி ஒன்றின் உறுப்பினர், பிறப்பாலோ சுகாட்லாந்துக்காரர். கோடரிக்குக் காம்பு எங்கிருந்து கிடைக்கும் என்று நம் மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பட்டியலில் உள்ளோரைக் கணக்கிட்டால் 'வேண்டும்' என்றோர் 32.9 விழுக்காடு. ஆகவே வென்றவர் தோற்றவராயினர். சுகாட்லாந்து தன் சட்டமன்றத்துக்காக மேலும் இருபது ஆண்டுகள் காத்திருந்தது. 1997-இல் மீண்டும் கேட்கப்பட்டபோது 74 விழுக்காட்டினர் வேண்டும் என்ற பிறகே, 1999-இல் அம்மன்றம் கூடியது.

அந்த அளவுகோலைக் கொண்டுவந்து 2016-இன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று பட்டியலிலிருந்த வாக்காளர் ஏறத்தாழ 4 கோடியே 65 இலக்கம் பேர். வெளியேறுவோம் என்றோர் 1 கோடியே 74 இலக்கம் பேர். விழுக்காடு 37.4. அதாவது, சுகாட்லாந்தின் சிறு மன்றத்துக்கு வைத்த அதே 40 விழுக்காட்டு வரம்பை ஐரோப்பாவை விட்டு விலகும் பெருமுடிவுக்கு வைத்திருந்தால், அது தோற்றிருக்கும்! ஆனால் 2016-இல் அத்தகைய வரம்பு எதுவும் வைக்கப்படவில்லை. சிறு உரிமைக்கு உயர்ந்த வேலி. பெரு முடிவுக்கு வேலியே இல்லை. ஒரே நாடாளுமன்றம், ஒரே முடியரசு. அளவுகோல் மட்டும் இரண்டு.

வலியவன் கையிலுள்ள முழக்கோல் தனக்கு அளக்கும்போது நீளும். பிறர்க்கு அளக்கும்போது குறுகும். தேசிய இன உரிமை பற்றிய எந்தப் பேச்சிலும் முதற்கண் கேட்க வேண்டியது, எத்தனை வாக்கு என்பதன்று. எத்தனை வாக்கு வேண்டும் என்று முடிவு செய்வது எவர் என்பதே.

விலகல் என்றால் என்ன?

கேமரானுக்குப் பின் வந்த தெரசா மேயிடம் 'விலகல் என்றால் என்ன' என்று கேட்டபோது, 'விலகல் என்றால் விலகலே' என்றார். விடையின்மையையே விடையாக்கிய அச்சொல்லில் அடுத்த நான்காண்டுக் குழப்பம் முழுவதும் அடங்கியிருந்தது. பொதுச்சந்தையில் இருப்பதா? சுங்கக் கூட்டில் இருப்பதா? அயர்லாந்து எல்லையில் சோதனைச் சாவடி வருமா? வாக்குச் சீட்டில் இவை எவையும் இல்லை. வெளியேறுவோம் என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று முரண்பட்ட பல கனவுகள் இருந்தன.

2017 சூனில் மே தேர்தல் நடத்தித் தம் பெரும்பான்மையையே இழந்தார். வட அயர்லாந்துக் கட்சி ஒன்றின் பத்து உறுப்பினர்களின் தோளில் சாய்ந்து ஆண்டார். அவர் கொணர்ந்த உடன்படிக்கை 2019 சனவரி 15 அன்று 432-க்கு 202 என்ற கணக்கில், 230 வாக்கு வேறுபாட்டில் தோற்றது. பிரித்தானிய அரசு ஒன்று மக்களவையில் கண்ட மிகப் பெருந்தோல்வி அதுவே. மார்ச்சு 12-இலும் 29-இலும் மீண்டும் தோற்றது. இவ்வழி வேண்டா என்றால் எவ்வழி வேண்டும் என்று கண்டறிய, மார்ச்சு 27 அன்று எட்டு வழிகளை முன்வைத்து வாக்கெடுத்தனர். எட்டும் தோற்றன. ஏப்பிரல் முதல் நாளன்று நான்கு வழிகளை வைத்தனர். நான்கும் தோற்றன. நாடாளுமன்றங்களுக்கெல்லாம் தாய் எனப்பட்ட மன்றம், வேண்டாவென்று சொல்ல மட்டும் அறிந்து, வேண்டுமென்று சொல்ல அறியாது திகைத்து நின்றது.

மன்றத்துக்குப் பூட்டு

2019 சூலையில் வந்தவர் போரிசு சான்சன். மன்றத்தின் உரிமையை மீட்கப் போவதாகச் சொல்லி வென்றோரின் தலைவர் அவர். அவர் செய்த முதற்செயல்களுள் ஒன்று அம்மன்றத்தையே ஐந்து கிழமைகள் மூடுமாறு அரசிக்கு அறிவுரை கூறியது! ஐரோப்பாவிடமிருந்து மன்றத்துக்கு உரிமையை மீட்கிறேன் என்றவர், மன்றத்திடமிருந்து அதைப் பறித்துத் தம் மேசையில் வைத்துக்கொண்டார். எதிர்த்து வாக்களித்த தம் கட்சி உறுப்பினர் 21 பேரைக் கட்சிக் குழுவினின்று நீக்கினார்; முன்னாள் நிதியமைச்சர் இருவரும், சர்ச்சிலின் பேரனும் அவர்களுள் அடங்குவர்.

அந்த மூடல் முறையற்றது என்று சுகாட்லாந்தின் மேல்முறைமன்றம் முதலில் தீர்ப்பளித்தது. செபுதம்பர் 24 அன்று உச்ச முறைமன்றத்தின் பதினொரு நடுவர்களும் ஒருமனதாக அதையே உறுதி செய்தனர். எழுதப்பட்ட ஒரே அரசமைப்பு நூல் இல்லாத நாட்டில், நல்லெண்ணத்தால் மட்டும் நின்ற மரபுகள் எத்துணை மெலிந்தவை என்பதை அன்று உலகம் கண்டது.

ஆயினும் மக்கள் சலித்துப் போயிருந்தனர். எப்படியேனும் முடித்துத் தொலையுங்கள் என்ற மனநிலை பரவியிருந்தது. அதனைப் பயன்படுத்தி 2019 திசம்பர் 12-இல் சான்சன் 365 இடங்களை வென்றார். 2020 சனவரி 31-இல் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு நீங்கியது. அவ்வாண்டின் இறுதியோடு பொதுச்சந்தையினின்றும் சுங்கக் கூட்டினின்றும் வெளியேறியது.

கேட்டார்கள், கேளாமற் செய்தார்கள்

சுகாட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகியவற்றின் சட்டமன்றங்களுக்கு உரிய துறைகளில் அவற்றின் இசைவின்றி நடுவண் மன்றம் சட்டம் இயற்றுவதில்லை என்று ஒரு மரபு உண்டு. 2016-இல் அம்மரபைச் சுகாட்லாந்துச் சட்டத்திலேயே எழுதியும் வைத்தனர். அடுத்த ஆண்டே, 2017 சனவரியில், உச்ச முறைமன்றம் சொன்னது: அது அரசியல் மரபே, முறைமன்றம் காக்கக்கூடிய உரிமை அன்று. அதாவது, எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது; ஆனால் அதனைக் கொண்டு எவரிடமும் வழக்காட இயலாது!

இதன் விளைவு விரைவில் வெளிப்பட்டது. 2018-இல் சுகாட்லாந்து மன்றம் இசைவு மறுத்தது, சட்டம் நிறைவேறியது. 2020 சனவரியில் விலகல் உடன்படிக்கைச் சட்டத்துக்கு மூன்று மன்றங்களுமே இசைவு மறுத்தன, சட்டம் நிறைவேறியது. இசைவு கேட்பர், கொடுத்தால் எடுத்துக்கொள்வர், மறுத்தால் பொருட்படுத்தார். இதற்குப் பெயர் இசைவா?

2014 செபுதம்பரில் சுகாட்லாந்து மக்கள் விடுதலை பற்றி வாக்களித்தபோது 55-க்கு 45 என்ற அளவில் பிரித்தானியாவோடு இருப்போம் என்றனர் என்பது உண்மை. அதனை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அன்று அவர்களிடம் சொல்லப்பட்டது என்ன? பிரித்தானியாவை விட்டுப் போனால் ஐரோப்பாவை இழப்பீர்கள் என்று அச்சுறுத்தினர். இரண்டாண்டு கழித்துப் பிரித்தானியாவோடு இருந்ததனாலேயே ஐரோப்பாவை இழந்தனர். அடிப்படையே மாறிவிட்டதால் மீண்டும் கேட்போம் என்றனர். 2022 நவம்பர் 23-இல் உச்ச முறைமன்றம், வெசுட்டுமினிசுட்டரின் இசைவின்றி அத்தகைய வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்றச் சுகாட்லாந்து மன்றத்துக்கு உரிமையில்லை என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்து ஒன்றியத்தினின்று விலக எவரிடமும் இசைவு கேட்கவில்லை. அறிவிப்பு மடல் ஒன்று போதியதாயிருந்தது. சுகாட்லாந்தோ, மக்களைக் கேட்பதற்கே இங்கிலாந்தின் இசைவைக் கேட்க வேண்டும்.

ஏறத்தாழ ஒரே மக்கள்தொகை கொண்ட இரு நாடுகள் அயர்லாந்தும் சுகாட்லாந்தும். இரண்டிலும் ஐம்பது இலக்கத்தை ஒட்டிய மக்களே வாழ்கின்றனர். விலகல் பேச்சில் அயர்லாந்தின் எல்லையைப் பற்றிய கவலையை ஒன்றியத்தின் ஏனைய நாடுகள் அனைத்தும் தம் கவலையாக ஏற்று நின்றன. முப்பதாண்டு உள்நாட்டுப் போரில் மூவாயிரத்து ஐந்நூறு உயிர்களுக்கு மேல் பலிகொடுத்து, 1998-இல் கண்ட அமைதி உடன்பாட்டைக் குலைக்கும் எல்லைச் சாவடி வேண்டா என்று அந்தச் சின்னஞ்சிறு நாடு சொன்னது. அச்சொல்லுக்கு முன் இலண்டன் பணிந்தது. அயர்லாந்துத் தீவில் எல்லை வராது, இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள கடலில் சோதனை நடக்கட்டும் என்று சான்சனே கையெழுத்திட்டார். 2018-இல் வட அயர்லாந்துக் கட்சி மாநாட்டிற்குச் சென்று, அத்தகைய ஏற்பாட்டைப் பழமைக் கட்சி அரசு எதுவும் ஏற்காது என்று முழங்கியவரும் அவரே!

அயர்லாந்துக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது? படையிலிருந்து வரவில்லை, செல்வத்திலிருந்து மட்டும் வரவில்லை. தன் பெயரில் ஓர் இருக்கையும், தன் கையில் ஒரு மறுப்புரிமையும் அதற்கு இருந்தன. சுகாட்லாந்துக்கு அவை இல்லை. இருவேறு ஒன்றியங்களின் வேறுபாடு இதுவே. ஒன்று, இறைமையுள்ள நாடுகள் தாமே சேர்ந்து, வேண்டாவெனில் விலகும் விதியையும் எழுதிவைத்த ஒன்றியம். மற்றொன்று, உள்ளே வர வாயிலும், வெளியே போகப் பூட்டும் உள்ள ஒன்றியம்.

ஆயினும் ஐரோப்பிய ஒன்றியத்தைக் குறையற்ற துறக்கமாகக் கருதுதலும் தவறு. 2015-இல் கிரேக்க மக்கள் 61 விழுக்காட்டால் மறுத்த கடன் நெருக்கடிகள் அவர்கள் மேல் ஏற்றப்பட்டன. 2017 அகுதோபரில் காட்டலோனிய மக்கள் வாக்களிக்கச் சென்றபோது சுபானியக் காவலர் தடியால் அடித்தனர். அது சுபானியாவின் உள்விவகாரம் என்று ஒன்றியம் ஒதுங்கிக்கொண்டது. அரசு உள்ள இனத்துக்குத்தான் அங்கும் குரல் உண்டு.

நாற்பத்தொன்பது நாள்

மகுடைத் தொற்றின்போது மக்களை வீட்டுக்குள் அடைத்துவிட்டுத் தலைமையமைச்சரின் மாளிகையில் விருந்துகள் நடந்தன. சட்டத்தை மீறியதற்காகப் பொறுப்பிலிருக்கும்போதே காவல்துறையால் தண்டத்தொகை விதிக்கப்பட்ட முதல் தலைமையமைச்சரானார் சான்சன். 2022 சூலையில் அமைச்சர்கள் கூட்டம் கூட்டமாக விலக, அவரும் வீழ்ந்தார்.

அடுத்து வந்த இலிசு திரசின் அரசு, செபுதம்பர் 23-இல், 4,500 கோடிப் பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. பவுண்டின் மதிப்பு இறங்கி, மூன்றே நாளில் தாலருக்கு எதிராக அதுவரை காணாத தாழ்நிலையைத் தொட்டது. ஓய்வூதிய நிதிகள் ஆடத் தொடங்கின. இங்கிலாந்து வைப்பகம் இடையே புகுந்து முட்டுக்கொடுத்தது. ஒரு செய்தித்தாள் இலைக்கீரை ஒன்றை மேசைமேல் வைத்து, இது முதலில் வாடுமா, தலைமையமைச்சர் முதலில் போவாரா என்று நகையாடியது. கீரையே வென்றது. ஆட்சியுரிமையை ஐரோப்பாவிடமிருந்து மீட்டோம் என்றவர்களின் தலைமையமைச்சரைக் கடன்பத்திரச் சந்தை வெளியேற்றியது. எவர் கைக்கு உரிமை மீண்டது என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

பின்னர் வந்தவர் இரிசி சுனக்கு. இந்திய வழியினர் ஒருவர் பிரித்தானியாவை ஆள்கிறார் என்று இங்கே இனிப்பு வழங்கி மகிழ்ந்தோர் உண்டு. சுகாட்லாந்து மக்களைக் கேட்க மறுத்ததில் அவரும் முன்னவர்களைப் போலவே நின்றார். ஆள்பவரின் நிறம் மாறுவதால் ஆளும் முறை மாறிவிடாது. குடியேற்றத்தைக் குறைப்போம் என்று சொல்லி விலகிய நாட்டில், ஓராண்டு நிகரக் குடியேற்றம் 2023-இல் 9 இலக்கத்தைத் தாண்டியது. நாட்டின் ஆக்கத்திறன் நெடுங்காலப் போக்கில் 4 விழுக்காடு குன்றும் என்று அரசின் நிதிப்பொறுப்பு அலுவலகமே மதிப்பிட்டது.

2024 சூலை 4-இல் பழமைக் கட்சி 121 இடங்களாகச் சுருங்கியது. கீர் சுட்டார்மரின் உழைப்பாளர் கட்சி 411 இடங்களைப் பெற்றது. ஆனால் அது பெற்ற வாக்கு 33.7 விழுக்காடே! மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு இருக்கை. இங்கும் அளவுகோலின் விளையாட்டுத்தான். அதே தேர்தலில் சுகாட்லாந்துத் தேசியக் கட்சி 48 இடங்களிலிருந்து 9 இடங்களாக வீழ்ந்தது. வெசுட்டுமினிசுட்டரின் தடை மட்டும் அதற்குக் கரணியமன்று. நெடுநாள் ஆட்சியிலிருந்த கட்சிக்குள் எழுந்த சிக்கல்களும் கரணியம். ஓர் இனத்தின் விடுதலைக் கோரிக்கையை ஒரே கட்சியின் தலைவிதியோடு முடிச்சுப் போடுவதன் தீங்கு இது.

மொழியின் இருக்கை

ஐரோப்பிய ஒன்றியத்தில் 24 மொழிகள் அலுவல் மொழிகள். ஆங்கிலேயர் சிதைத்த அயர்லாந்தின் ஐரிசு மொழி 2007-இல் அங்கு அலுவல் மொழியானது. மொழிபெயர்ப்பில் இருந்த விலக்குகளும் நீங்கி 2022 சனவரி முதல் முழு நிலை பெற்றது. அதே மொழிக்கு, பிரித்தானியாவின் பிடியிலுள்ள வட அயர்லாந்தில் சட்ட ஏற்பு கிடைத்ததும் 2022-இன் இறுதியில்தான். வேல்சு மொழி தன் நாட்டில் அலுவல் நிலை பெற 2011 வரையும், சுகாட்லாந்தின் கேலிக்கு மொழி 2025 வரையும் காத்திருந்தன. அரசுடைய மொழிக்கு ஐரோப்பிய மன்றத்தில் இருக்கை. அரசில்லா மொழிக்கோ தன் வீட்டுத் திண்ணையில் இடம் கிடைக்கவே நூற்றாண்டுகள்.

இந்திய ஒன்றியத்தின் நாடாளுமன்ற முறை வெசுட்டுமினிசுட்டரைப் பார்த்து வார்த்தெடுக்கப்பட்டதே. ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற அம்மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு வேண்டா என்பது இங்கும் சட்டம். எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. ஒன்றிய ஆட்சியின் மொழியோ இந்தி, துணைக்கு ஆங்கிலம். ஆதலால் அங்கு நடந்ததைத் தமிழர் அயலார் வீட்டுச் செய்தியாகப் படித்துவிட்டு மடித்து வைத்தல் ஆகாது.

கற்க வேண்டியவை

அன்பர்களே! இவ்வெட்டாண்டுக் குழப்பத்தினின்று மூன்று பாடங்கள் தெளிவாகின்றன.

முதலாவது: வாக்குக்கு முன் விதி. எந்த வாக்கெடுப்பிலும் எவர் வாக்களிப்பர், எத்துணைப் பேர் வேண்டும், எந்த அலகில் எண்ணப்படும் என்பவற்றை முடிவு செய்யும் உரிமையே முதல் உரிமை. அது பிறர் கையில் இருக்குமாயின், வாக்குச்சீட்டு வெறுந்தாளே.

இரண்டாவது: இசைவு என்பது மறுக்கும் ஆற்றலோடு கூடியது. மறுத்தாலும் நடக்கும் எனில், கேட்டது மதிப்பன்று, வேடிக்கை.

மூன்றாவது பாடம் உரிமை கேட்போர்க்கே உரியது, ஆகவே கசப்பானது. முழக்கம் மட்டும் போதாது. விலகல் வேண்டும் என்று நாற்பதாண்டுகள் முழங்கியோர், விலகிய மறுநாள் என்ன செய்வது என்று ஒரு பக்கம்கூட எழுதிவைக்கவில்லை. அதனால் வென்ற பின்னும் தோற்றவர்போல் அலைந்தனர். அவர்களை நம்பிய எபு வேல் மக்கள் இன்னும் ஏமாற்றத்தோடு நிற்கின்றனர். விடுதலையை நாடும் எந்த இனமும் தன் எல்லை என்ன, வரி என்ன, நீர் என்ன, வணிகம் என்ன, தன்னுள் வாழும் சிறுபான்மையர்க்கு உறுதி என்ன என்பவற்றை முன்னரே எண்ணி, எழுதி, மக்கள் முன் வைத்தல் வேண்டும். உணர்ச்சி ஓர் இனத்தை எழுப்பும். திட்டமே அதனை நடத்திச் செல்லும்.

இங்கிலாந்து தனக்கு வேண்டுமென்று கேட்ட உரிமை தவறன்று. தன்னைத் தானே ஆளும் உரிமை எல்லா இனத்துக்கும் உரியது. தனக்கு உரிமை என்று கொண்ட அதனையே சுகாட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் வேல்சுக்கும் உரிமையென்று ஏற்க மறுத்ததே தவறு. ஒரே அளவுகோலால் எல்லா இனங்களையும் அளக்கும் நாளே உலகில் அமைதி நிலைக்கும் நாள். அந்நாளைக் கேட்டுப் பெறுதல் அரிது. அறிந்து, அணியமாகி, ஒன்றுபட்டு நின்று ஆக்குதலே இயலும். அவ்வணியத்தை இன்றே தொடங்குவோமாக!